மூன்று மீட்டர் மனிதர்

வாசகரே, உலகத்தில் துல்லியர் என்றொரு இனம் உண்டு. தாம் எங்கே நிற்கிறோம் என்பது இவர்களுக்குத் தரையைப் பார்த்தால் தெரியாது, மேலேயிருந்து சேதி வரவேண்டும். கையில் ஜி.பி.எஸ். கருவியை ஏந்தி, வானத்தை அண்ணாந்து பார்த்து, தொழுவத்தின் தகரக் கூரையை முறைத்து, பெண்டாட்டியைத் தள்ளி நிற்கச் சொல்லி, மூச்சைப் பிடித்துக் காத்திருந்து, கடைசியில் "மூணு மீட்டர்" என்று அறிவிப்பார்கள். எதிலிருந்து மூன்று மீட்டர்? கேட்டுவிடாதீர்கள். சாப்பாடு ஆறிவிடும்.

எங்கள் செர்பிய மலைக்கிராமத்தில் இந்த இனத்துக்குத் தலைவர் என் அக்கா கோஸாராவின் கணவர் ராதிசாவ். குறைந்தது நாலு செயற்கைக்கோள் வேண்டும், அவையும் ஒரே மூலையில் கூட்டம் போடாமல் வானமெங்கும் பரவி நிற்க வேண்டும், சிக்னல் கூரையில் பட்டுத் தெறித்தால் கணக்குக் கெட்டுவிடும் என்று சவ ஊர்வலத்தில்கூட விளக்கியவர். விஷயம் தெரிந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 'மூன்று மீட்டர்', பிழை இவ்வளவுக்குள்தான் இருக்கும் என்று கருவி தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண் என்பதை மட்டும் அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

எங்கள் பக்கம் பிள்ளை பிறந்தால் அப்பன் ஒரு பீப்பாய் பிளம் சாராயத்தைத் தோட்டத்தில் புதைப்பான். அந்தப் பிள்ளையின் கல்யாணத்தன்று தோண்டியெடுத்துச் சம்பந்திக்கு முதல் கோப்பை ஊற்றுவான். மகள் நெவேனா பிறந்தபோது ராதிசாவும் புதைத்தார், பேரிக்காய் மரத்துக்குச் சற்றுத் தள்ளி.

கருவி வாங்கியதும் முதல் வேலையாக அங்கே போய் இடத்தைப் பதிந்தார். மேலே அடர்ந்த இலை, பக்கத்தில் அதே தகரக் கூரை. கருவியில் மீட்டர் எண் ஏறியது, இறங்கியது, போனால் போகிறதென்று ஒரு கணம் மூன்றில் நின்றது. பொத்தானை அமுக்கிவிட்டார். அப்புறம் செய்தாரே, அதுதான் உச்சம்: கல்யாணத்தன்று சிக்னலுக்கு இடைஞ்சலாக இருக்குமென்று மரத்தையே வெட்டினார். அடிக்கட்டையையும் பெயர்த்து, உழுது, புல் விதைத்தார்.

"இருந்த ஒரே அடையாளத்தையும் வெட்டிப்புட்டியே, மனுசா," என்றாள் அக்கா.

"அடையாளம் இதுக்குள்ள இருக்கு," என்று கருவியைத் தட்டினார்.

கல்யாண நாள் வந்தது. வானம் பளிச்சென்று இருந்தது, செயற்கைக்கோள்கள் வரிசைகட்டி நின்றன, கருவி மூன்று மீட்டர் என்றது. தோண்டினோம். மண். தள்ளித் தோண்டினோம். அங்கேயும் மண்ணேதான். மரம் நின்ற இடம் எது என்று கேட்டால் ஆளுக்கொரு மூலையைக் காட்டினோம்.

"மச்சான், இன்னிக்கு அது சரியாத்தான் காட்டுது. அன்னிக்கு மரத்தடியில பதிஞ்சதுதான் தப்பு," என்றேன். அவர் என்னைக் காலையிலேயே குடித்துவிட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மாப்பிள்ளை வீட்டார் அக்கார்டியன் வாசித்தபடி வந்து, தோட்டத்தைப் பார்த்ததும் வாசிப்பதை நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒரு குழியில் செருப்பை விட்டாள். கடைச் சாராயத்தை ஊற்றினோம். சம்பந்தி ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். அக்கா சமையலறைக்குள் போய் அழுதாள்.

கிளம்பும் நேரத்தில் நெவேனா வெள்ளை உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழியோரம் வந்தாள். இடுப்பளவுப் பள்ளத்தில் அப்பா.

"அப்பா, நான் கிளம்பறேன். ஒரு தடவ என்னப் பாருங்களேன்."

"செத்தத் தள்ளி நில்லும்மா, வானத்த மறைக்கிற."

அவள் தள்ளி நின்றாள். "சரிப்பா. என் மக கல்யாணத்துக்குள்ளயாவது கண்டுபிடிச்சு வைங்க," என்றாள்.

அவர் நிஜமாகவே யோசித்தார். "அதுக்குள்ள இன்னும் நெறைய செயற்கைக்கோள் விட்டுருவாங்கம்மா," என்றார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி வாசற்கதவைத் தட்டிக்கொண்டிருந்தபோது, கைபேசியைப் பார்த்தபடி, "அவர் இன்னும் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கார்" என்று உள்ளேயிருந்து சொன்னது யார்?