உன் பேரில் ஒரு கார் நிற்கிறது

போடிநாயக்கனூர்,
புதன்கிழமை.

பிரியமுள்ள சாராளுக்கு, போடி பஜாரிலிருந்து உன் வீட்டுக்காரர் சுந்தர்ராஜ் மிகுந்த அன்போடு எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும், பாத்திரக் கடையும், கடையில் முத்துராஜாவும் நலம். நீ வைத்துவிட்டுப் போன கறிவேப்பிலைச் செடி அரை நலம். அங்கே புனேயில் நீயும், மகள் ஜெஸ்லினும், மாப்பிள்ளை கார்த்திக்ராஜும், பேத்தியும் காய்ச்சல் சளி ஏதுமின்றிச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைக்கலாம். நான் போன் செய்தால் நீ ‘ம்’ கொட்டுகிறாய், உடனே குழந்தை அழுகிறது, ‘தாத்தாட்டப் பேசு’ என்று போனை அதன் வாயில் வைக்கிறாய், அது போனை நக்குகிறது, நான் நக்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ‘சரிம்மா, சரிம்மா’ என்கிறேன், பிறகு லைன் போய்விடுகிறது. கடிதத்தை யாரும் நக்க முடியாது. நக்கினாலும் நான் எழுதியது எழுதியதுதான். ஆகவே உட்கார்ந்து நிதானமாகப் படிக்கவும். மாப்பிள்ளை முன்னால் வாய்விட்டுப் படிக்க வேண்டாம்.

விஷயம் என்னவென்றால், சாராள், உன் பேரில் ஒரு கார் நிற்கிறது. பதறாதே. புதுசு இல்லை, பழசுதான். ரேஷன் கார்டில் ஏதோ திருத்தம் என்று சொல்லி ஒருநாள் உன் போனுக்கு வந்த நம்பரைக் கேட்டேனே, நீயும் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே படபடவென்று சொன்னாயே, அது ரேஷன் கார்டுக்கு அல்ல. அந்த நிமிஷத்திலிருந்து நீ கார் ஓனர். பணம் எங்கிருந்து வந்தது என்பதை நேரில் பேசிக்கொள்ளலாம். ஏன் வாங்கினேன் என்பதை மட்டும் இப்போது சொல்கிறேன். நீ ஊரில் இருந்தவரை கோயிலுக்குப் போக மினி பஸ் படியில் கால் வைக்கும்போதெல்லாம் ‘ஆண்டவரே என் முட்டி’ என்பாய். பிரசவத்துக்கு உதவியாக மூன்று மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள், பிள்ளை பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, இப்போது நடக்கவும் ஆரம்பித்துவிட்டதாம். இன்னும் கொஞ்சம் விட்டால் அது காலேஜுக்கே போய்விடும். எப்போது வருகிறாய் என்று கேட்டால் ‘வந்து அந்த பஸ் படியில ஏறவா’ என்கிறாய். சரி, படி இல்லாத ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்துவோம், அதுவும் அவள் பேரிலேயே நிறுத்துவோம், சொந்தச் சொத்து நிற்கிறது என்றால் வந்துதானே ஆகணும் என்று நினைத்தேன். கடை லோடு வேன் ஓட்டிய கைதானே, கார் ஓட்டுவது எனக்குக் கஷ்டமில்லை.

தேனியில் பெரியகுளம் ரோட்டில் பழைய கார் விற்கிற ஷோரூம் ஒன்று இருக்கிறது. அங்கே ஹேமாவதி என்று ஒரு பொண்ணு, நம்ம ஜெஸ்லின் வயசுதான் இருக்கும், ‘வாங்க அங்கிள், இந்த வண்டியப் பாருங்க, ஒரே ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி’ என்றது. டாக்டர் என்றதும் நான் மயங்கிவிட்டேன். கையைக் கழுவிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவுக மாட்டு டாக்டராம். வண்டியைத் தேவாரம் ரோட்டில் கொண்டுபோனால் அங்கங்கே படுத்திருக்கிற நாயெல்லாம் எந்திரிச்சு ஒரு மாதிரி பாக்குது. சில நாய் குரைக்குது, சில நாய் வாலைச் சுருட்டிக்கிட்டு வாய்க்காலுக்குள்ள குதிக்குது. அதுகளுக்கு ஊசி ஞாபகம். எத்தனை தரம் கழுவினாலும் பின் சீட்டில் ஆட்டு வாசம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் போனது போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். ஆராதனைக்குப் போய் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணினேன். ‘டக்’கென்று ஒரு சத்தம். நாலு கதவும் பூட்டிக்கிச்சு. பட்டனை இழுக்கிறேன், வரல. கண்ணாடியை இறக்கப் பாக்கிறேன், இறங்கல. ஹாரன் அடிச்சா அதுவும் செத்துப்போச்சு. திரும்ப ஸ்டார்ட் பண்ணினா லைட்டுகூட எரியல. உள்ளே நான், வெளியே மொத்த சபையும். முதல்ல யாரும் கவனிக்கல, நான் கைகாட்டினா அவுகளும் பதிலுக்குக் கைகாட்டிட்டுப் போறாக. அப்புறம் பூக்காரி மொக்கம்மாள்தான் பாத்துட்டு, ‘ஏலே, பாத்திரக்கடைக்காரரு உள்ள மாட்டிக்கிட்டாகலே!’ன்னு கத்த, கூட்டம் கூடிப்போச்சு. மொக்கம்மாள் பூவுக்குத் தெளிக்கிற தண்ணியை எடுத்து வண்டி கூரைமேல தெளிச்சுக்கிட்டே இருந்துச்சு, நான் வேகாம இருக்கணுமாம். பாஸ்டர் ஐயா பானெட்மேல கைய வச்சு ஜெபம் பண்ணினாக. கண்ணாடி வழியா ஆளாளுக்கு வந்து என்னமோ கேக்குறாக. சத்தம் கேக்கல. ஆனா வாயசைவை வச்சே எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஏன்னா இந்த ஊர்ல என்னைப் பார்த்தா எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான். ‘அக்கா எப்ப வருவாக?’ நானும் உள்ள இருந்தே ‘வந்துருவா, வந்துருவா’ன்னு தலையாட்டிக்கிட்டே இருந்தேன்.

கடைசியில் மெக்கானிக் அம்மாவாசி வந்து, கண்ணாடி ரப்பருக்குள் இரும்பு ஸ்கேலை விட்டு ஒரு நெம்பு நெம்பினார். கதவு திறந்தது. எல்லாரும் கைதட்டினாக. ‘சென்சார் கோளாறு’ன்னு அம்மாவாசி சொன்னாரு, ‘சரி, தப்பிச்சீக’ன்னு ஒவ்வொருத்தராக் கிளம்பிட்டாக. மத்தியானச் சாப்பாட்டு நேரம் பாரு. வாசல் காலியாயிருச்சு. கதவு திறந்துதான் இருந்தது, சாராள், ஆனா நான் கொஞ்ச நேரம் இறங்கல. எங்க போறதுக்கு அவசரமா இறங்கணும், சொல்லு.

அடுத்த நாளே வண்டியைத் தேனிக்குக் கொண்டுபோய் மாத்திக் கொடுங்கன்னு கேட்டேன். அவுக கொடுத்த வாரண்டியில், வண்டியில் பெரிய கோளாறு இருந்தால் வேறு வண்டி எக்ஸ்சேஞ்ச் பண்ணித் தருவோம்னு இருக்கு. ஆனால் கோளாறு அவுக கண்ணுக்குத் தெரியணுமாம். இந்த வண்டி இருக்கே, ஷோரூம் வாசலுக்குப் போனதும் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி அவ்வளவு ஒழுங்கா நடந்துக்குது. ஓட்டிப் பாத்துட்டு ‘நல்லாத்தான அங்கிள் இருக்கு’ன்னு ஹேமாவதி திருப்பிக் கொடுத்துரும். போடிக்குத் திரும்பி வர்ற வழியில திரும்பவும் ‘டக்’. இப்படியே போறதும் வர்றதுமா இருந்தேன். உன்னிடம் மறைப்பானேன், எனக்கு அங்கே போவது பிடித்துப்போனது. ஏசி, சோஃபா, சின்னக் கப்பில் டீ. போனதும் ‘சாப்பிட்டீங்களா அங்கிள்?’ என்று அந்தப் பொண்ணு கேட்கும். அது கம்பெனி சொல்லிக்கொடுத்த கேள்வி என்பது பக்கத்து சோஃபாக்காரரிடமும் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நான் என்ன சாப்பிட்டேன், தொட்டுக்க என்ன என்பதுவரை விவரமாகத்தான் பதில் சொல்லிவந்தேன்.

போன வியாழக்கிழமை மேனேஜர் மதன்குமாரே, ‘சார், இன்னைக்கு நானே உங்ககூட வர்றேன், இதுக்கு ஒரு முடிவு கட்டுவோம்’ என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கோடாங்கிபட்டி தாண்டியதும் ஓரமாக நிறுத்தி ஆஃப் பண்ணினேன். ‘டக்’. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. ‘பாத்தீகளா! பாத்தீகளா!’ என்று அவர் தோளில் தட்டினேன். அவருக்கு வேர்த்துவிட்டது. ஹேமாவதிக்குப் போன் போட்டு ஆளை அனுப்பச் சொன்னார். ஆள் வரும்வரை என்ன செய்வது, பேசிக்கொண்டிருந்தோம். அவர் உத்தமபாளையத்துக்காரராம். நான்தான் அதிகம் பேசினேன். நீ வைக்கும் மீன்குழம்பில் மாங்காய் போடுவதைப் பற்றி, கடையில் கணக்கு முடித்ததும் நீ ‘கிளம்புவோமா’ என்று சாவிக்கொத்தை ஆட்டுவதைப் பற்றி, கோயில் பாட்டில் நீ மட்டும் ஒரு வரி முந்திப் பாடுவதைப் பற்றி. அந்த மனுஷன் டையை அவிழ்த்து விசிறிக்கொண்டு, பாவம், எல்லாவற்றையும் கேட்டார். ஓடவும் முடியாதே.

ஆள் வந்து கதவைத் திறக்க, வெளியே வந்ததும் ‘எக்ஸ்சேஞ்ச் கன்ஃபார்ம் சார்’ என்றுவிட்டார். ஷோரூமில் வெள்ளைக் கார் ஒன்றைக் காட்டினார்கள். இதை ஓட்டியது யார் என்று கேட்டுக்கொண்டேன், பேங்க் ஆபீசராம், நாய்க்குப் பகை இல்லை. எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடப் போகையில் ஹேமாவதி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ‘அங்கிள், வண்டி சாராள் மேடம் பேர்லல்ல இருக்கு? அவுக கையெழுத்து வேணுமே’ என்றது. ‘அவ ஊர்ல இல்லம்மா’ என்றேன். மேனேஜர் ஹேமாவதியைப் பார்த்தார், ஹேமாவதி மேனேஜரைப் பார்த்தது. பிறகு அந்தப் பொண்ணு என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, ‘அங்கிள்... தப்பா எடுத்துக்காதீங்க. ஆன்ட்டி இருக்காகல்ல?’ என்று கேட்டது.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், ‘இருக்கா! புனேயில இருக்கா! கல்லு மாதிரி இருக்கா!’ என்று கத்திவிட்டேன். காரின் டிக்கிக்குள் குனிந்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். மேனேஜர் எழுந்து வந்து, ‘சாரி சார், வண்டிக்குள்ள நீங்க அவுகளப் பத்திப் பேசின விதத்த வச்சு நான்தான்...’ என்று இழுத்தார். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். அவர் மேல் தப்பில்லை. நான் அப்படித்தான் பேசியிருக்கிறேன்.

ஆகவே இந்தக் கடிதத்தின் நோக்கம் முழுக்க முழுக்க ஆபீஸ் சம்பந்தப்பட்டது. எக்ஸ்சேஞ்சுக்கு ஓனர் தேவை. ஓனர் நீ. இந்த மாசக் கடைசிக்குள் நீ புறப்பட்டு வந்து தேனியில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்காக வரச் சொல்வதாக ஜெஸ்லினிடம் சொல்லிவிடாதே. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. காலையில் மெஸ்ஸில் இட்லி, ராத்திரி நானே ரசம் வைக்கிறேன், ரசம் மாதிரியேதான் இருக்கிறது. அதற்குப் பதிலாக ‘நீங்க இங்கன வந்துருங்களேன்’ என்று பழைய பாட்டைத் திரும்பவும் ஆரம்பிக்காதே. அந்த ஊரில் லிஃப்ட்டில் போகிறவர்கள் என்னிடம் ஹிந்தியில் பேசுவார்கள், எனக்கு ‘அச்சா’ மட்டும்தான் தெரியும். மாப்பிள்ளை வீட்டில் மாமனார் போய் நாள்கணக்கில் உட்காருவது மரியாதை இல்லை. கடையை விட்டுவிட்டு என்னால் நகரவே முடியாது. இது என் கடைசி முடிவு.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். ஜெஸ்லினுக்கு ஆசீர்வாதம், நேரத்துக்குச் சாப்பிடச் சொல். பேத்திக்குக் கன்னத்தில் ஒன்று கொடு, தாத்தா கொடுத்ததென்று சொல், புரியாவிட்டாலும் சொல். ஆண்டவர் உங்கள் நாலு பேரையும் வழுக்காத தரையில் நடத்துவாராக.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள,
சுந்தர்ராஜ்.

பின்குறிப்பு: மேலே ‘கடைசி முடிவு’ என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். இன்று காலை தபாலில் போடக் கிளம்பும்போது ஹேமாவதி போன் செய்தது. ‘அங்கிள், கையெழுத்துதான வேணும், ஆன்ட்டிய எதுக்கு அவ்வளவு தூரம் அலைய வைக்கிறீங்க? பேப்பரக் கூரியர்ல அனுப்புங்க’ என்றது. ‘கூரியர்ல தொலஞ்சுபோனா?’ என்றேன். ‘அப்ப நீங்களே கொண்டுபோயி வாங்கிட்டு வாங்க’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேறு கஸ்டமரைப் பார்க்கப் போய்விட்டது. நான் கடை வாசலிலேயே நின்றேன். முத்துராஜா, ‘என்ன முதலாளி, போங்களேன், கடைய நான் பாத்துக்கிற மாட்டனா’ என்றான். இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம். காரைத் தேனியிலேயே விட்டாச்சு. நம்ம போடியிலிருந்தே இப்போது மெட்ராஸுக்கு ரயில் இருக்கிறது, அங்கிருந்து புனேக்கு வேறு ரயில், இரண்டுக்கும் டிக்கெட் போட்டாச்சு. மாங்காய் வாங்கி வைத்திருக்கிறேன், மீன் அங்கே கிடைக்குமல்லவா. பேப்பரில் கையெழுத்துப் போட அவசரம் ஒன்றும் இல்லை, நிதானமாகப் படித்துப் பார்த்துப் போடு. கவரில் ஸ்டாம்ப் ஒட்டிவிட்டதால் இதை வீணாக்க மனசில்லாமல் தபாலில் சேர்க்கிறேன். எனக்கு முன்னால் இது வந்துவிட்டால் சரி. எனக்குப் பின்னால் வந்தால், அநேகமாகக் கதவைத் திறந்து போஸ்ட்மேனிடம் ‘அச்சா’ சொல்லி வாங்குவது நானாகத்தான் இருக்கும். அப்படியானால் உன்னிடம் கொடுப்பேனா என்பது சந்தேகம்தான்.