பத்மா தலை பின்ன ஆகும் நேரம்

ஆவடி,
6-1-1991, ஞாயிறு பிற்பகல்

ஆற்காட்டில் வாழும் மரியாதைக்குரிய மச்சான் செங்கல்வராயன் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் உலகநாதன் குவார்ட்டர்ஸிலிருந்து வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், பஞ்சவர்ணம், பத்மா, ஆனந்தன் நால்வரும் சுகம். அங்கே தங்கள் முழங்கால் வலியும் அக்காவுக்குத் தங்கள் மேலிருந்த கோபமும் இந்நேரம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். வருகிற ஜூனில் பத்மா பத்தாவது போகிறாள். அந்த ஒரு வருஷம் அவளைத் தாங்கள் ஆற்காட்டில் வைத்துப் படிக்க வைக்க வேண்டும். பெற்ற பெண்ணை அனுப்ப எனக்கு மட்டும் மனசு வருமா? ஆனால் எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு இருபத்தைந்து மணி ஐம்பது நிமிஷம் வேலை இருக்கிறது மச்சான். மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டேன். தங்கள் தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை, தாங்களும் சொல்ல வேண்டாம்.

இது எப்படித் தெரியவந்தது என்றால், அரைப் பரீட்சையில் பத்மா கணக்கில் முப்பத்தொன்று வாங்கினாள். அவள் வகுப்பு டீச்சர் ராஜம்மா என்னை வரச் சொன்னார். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அந்தம்மா திட்டவில்லை. "புது வருஷத்துக்கு வீட்ல ஒரு டைம்டேபிள் போடுங்க சார். முடியாததை எல்லாம் எழுதாம, நிஜமா முடியறதை மட்டும் எழுதுங்க. அதுல தினம் அரை மணி நீங்க பொண்ணுகூட உக்காந்து பேசணும்" என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். "அதை அவளே சொல்வா சார்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

நிஜமாக முடிவது எது என்று கண்டுபிடிக்க என்னைவிடப் பொருத்தமான ஆள் ஆவடியில் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள். நான் தொழிற்சாலையில் செய்கிற வேலையைக் கல்யாணத்தன்றே தங்களுக்கு விளக்கினேன், தாங்கள் கொட்டாவி விட்டீர்கள். ஒரு தொழிலாளி ஓர் உருப்படியைக் கடைந்து முடிக்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நின்று பார்த்துக் குறிப்பது, அதுதான் இனி அந்த வேலைக்கு உரிய நேரம் என்று முடிவு செய்வது. பதினான்கு வருஷமாக இதைச் செய்கிற நான், காலை ஏழு மணியிலிருந்து எட்டரை மணி வரை என் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் ஏழு மணிச் சங்குக்கு உள்ளே போனால் ஓவர்டைம் முடிந்து ராத்திரிதான் வெளியே வருவேன். திடீரென்று எனக்கே ஆவலாகிவிட்டது. மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். ஸ்டாப்வாட்சை வெளியே கொண்டுபோக கேட் பாஸ் வேண்டுமாம். காரணம் என்ற இடத்தில் 'பிள்ளை வளர்ப்பு' என்று எழுதினேன். கேட்டில் நின்ற காவலர் அதைக் கூட நின்ற மற்ற இரண்டு காவலர்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டினார்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது, நானும் ஆரம்பித்தேன். ஆனந்தன் பல் தேய்க்கப் பத்தொன்பது நிமிஷம். அவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்து இன்னும் முளைக்கவில்லை, அப்படியும் பத்தொன்பது. நடுவில் மூன்று தரம் வாய் கொப்பளித்துவிட்டு, "அப்பா, சங்கை யாரு ஊதறாங்க? அவருக்கு வாய் வலிக்காதா?" என்று கேட்டான். பஞ்சவர்ணம் நாலு தோசை சுட நாற்பது நிமிஷம். ஒவ்வொரு தோசையையும் திருப்பிவிட்டு, அடுத்த வரிசை குவார்ட்டர்ஸ் கல்யாணச் செய்தி ஒன்றைச் சொல்லி, அது முடிந்த பிறகுதான் எடுத்தாள். பத்மா தானே இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்ட இருபத்தாறு நிமிஷம். எங்கிருந்து வகிடு எடுப்பது என்று என்னையே கேட்டாள், எனக்கென்ன தெரியும்? பின்னிக்கொண்டே, வகுப்பில் பக்கத்துப் பெண் தவளைப் படத்துக்கு மீசை வைத்தது, கணக்கு வகுப்பில் போர்டு தெரியாமல் எட்டிப் பார்ப்பது, பூந்தமல்லி போகும் பஸ்ஸில் ஒரு ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் கேட்டது என்று சொல்லிக்கொண்டே போனாள். எங்கள் தொழிலில் ஆள் வேலைக்கு நடுவே பேசினால் அதை எழுதி, மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். 'பேச்சு, கழிக்க' என்று எழுதியே என் நோட்டில் நாலு பக்கம் நிறைந்துவிட்டது. அத்தனையும் கழித்தால் மிச்சம் ஒன்றும் நிற்காதுபோல இருந்ததால் கழிக்காமல் விட்டேன்.

விசித்திரம் என்னவென்றால், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் நேரம் குறைய வேண்டும். இங்கே பத்மாவின் பின்னலுக்கு வியாழன் முப்பத்தொன்று நிமிஷம், வெள்ளி முப்பத்துநாலு. சோம்பேறித்தனம் என்றும் சொல்ல முடியாது, வெள்ளிக்கிழமை என்னைத் தட்டி எழுப்பியதே அவர்கள்தான்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வேம்புலியிடம் நோட்டைக் காட்டினேன். கடைசல் மிஷினில் இருப்பவர், நானே பலமுறை அவர் பக்கத்தில் நின்று நேரம் பார்த்திருக்கிறேன். விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா சார் நீ, நீ கடியாரத்த புட்சிகினு பக்கத்துல வந்து நின்னா நாங்க இன்னா பண்ணுவோம்? மெதுவாத்தான செய்வோம். உன் ஊட்ல மட்டும் வேற மாதிரி கீதா?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தொழிலாளி இழுத்துச் செய்வதற்குக் காரணம் உண்டு, குறைந்த நேரம் எழுதிவிட்டால் பிறகு அவர்பாடு திண்டாட்டம். என் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு என்ன தலையெழுத்து, என்னை ஏமாற்ற? அவர் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

ஆகவே மச்சான், டீச்சர் சொன்ன அந்த அரை மணியைச் சேர்க்காமலே இருபத்தைந்து ஐம்பது ஆகிறது. அதை நான் எங்கே நுழைப்பேன்? தங்கள் வீட்டிலாவது நேரத்துக்கு நேரம் எல்லாம் நடக்கும், பத்மா தேறிவிடுவாள். மாதம் ஒரு ஞாயிறு நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அவள் இல்லாமல் வீடு எப்படி இருக்கும் என்று யோசித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. திருவேற்காட்டு அம்மன் தங்கள் குடும்பத்துக்கு ஆயுசும் அவகாசமும் குறைவில்லாமல் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
உலகநாதன்

பின்குறிப்பு (திங்கள்): மேலே உள்ளதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். இந்தக் கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டச் சொல்லி நேற்று பத்மாவிடமே கொடுத்தேன், அவள் படித்துவிட்டாள். வந்து என் எதிரில் நின்று, "அப்பா, எனக்குத் தலை பின்ன ஏழு நிமிஷந்தான் ஆவும்" என்றாள். பிறகு ஏன் முப்பத்துநாலு என்று கேட்டேன். "பின்னி முடிச்சா நீங்க ஆனந்தன்கிட்ட போயிடுவீங்க" என்றாள். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவனும் அதையேதான் சொன்னான், முடித்தால் நான் அம்மாவிடம் போய்விடுவேனாம். பஞ்சவர்ணத்தைப் பார்த்தேன், அவள் சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். 

பத்மா இங்கேயே படிப்பாள். போர்டு தெரியவில்லை என்றாளே, கண் டாக்டரிடம் புதன்கிழமை கூட்டிப்போகிறேன். டைம்டேபிளைக் கிழித்துப் போட்டாயிற்று. இன்று காலை அவள் தலை பின்னும்போது கையில் கடிகாரம் இல்லாமல் சும்மா போய் நின்றேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தொழிற்சாலைக்குப் போனபோது கேட்டைச் சாத்திவிட்டிருந்தார்கள்.