இசொகாயும் ஒப்பீட்டு எலியும்

மூன்றாவது முறையாகத் தோக்கியோவிலுள்ள அனுமதிக் குழுவிடமிருந்து ஆய்வுக் கோப்பு திரும்பி வந்தபோது அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மனித ஸ்டெம் செல்லைச் செலுத்தினால் எலிக்கு மனிதப் புத்தி வந்துவிடாதா?

ஆய்வாளர் இசொகாய் கேட்டது ஒரு கணையம் மட்டுமே. எலியின் உடம்பில் மனிதக் கணையம் வளர்ந்துவிட்டால், முப்பது வருடமாக வயிற்றில் இன்சுலின் ஊசி குத்திக்கொள்ளும் தன் தங்கை ஃபுயுகோவுக்கு ஒருநாள் விடிவு வரும் என்று நம்பினார்.

எலிக்கு மனிதப் புத்தி வராது என்று ஒரு வரி எழுதி அனுப்பினார். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். ஐம்பது பக்கம் எழுதினார். இவ்வளவு எழுத இருக்கிறது என்றால் ஆபத்தும் இருக்கத்தான் வேண்டும் என்று அனுமதிக் குழுவுக்குச் சந்தேகம் வலுத்தது. மனிதப் புத்திக்குப் பத்து அடையாளங்களைப் பட்டியல் போட்டு, அவை தென்பட்டால் ஆய்வை நிறுத்திவிடுவதாகச் சொன்னார். அப்படியானால் சாதாரண எலி ஒன்றையும் சாதாரண மனிதர் ஒருவரையும் ஒரு நாள் முழுக்கத் தனித்தனி அறையில் வைத்து, அந்தப் பட்டியலின்படி பத்துக்கு மதிப்பெண் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள்.

மாணவர்கள் எல்லாருக்கும் அன்றைக்கென்று பார்த்து வேலை வந்துவிட்டது. அந்தச் சாதாரண மனிதராக இசொகாயே உட்கார்ந்தார்.

விலங்குக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் சகுமா குறிப்பெடுத்தார். மாலையில் நோட்டை நீட்டியவர் இசொகாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

எலி ஏழு. இசொகாய் நான்கு.

இரண்டு கதவுகளையும் சகுமா சும்மாதான் சாத்தியிருந்தார். எலி தள்ளிப் பார்த்து வெளியே உலாவிவிட்டு வந்தது. இசொகாய் பூட்டியிருப்பதாக நம்பி மாலைவரை உட்கார்ந்திருந்தார். எலி கொஞ்சம் தீனியை மூலையில் ஒதுக்கி வைத்தது. இசொகாய் மதியச் சாப்பாட்டைக் காலை பத்து மணிக்கே முடித்திருந்தார்.

"பேரை மாத்தி எழுதிடட்டுமா சார்? யாருக்கும் தெரியாது."

தங்கையின் ஊசி நினைவுக்கு வந்தது. சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"வேண்டாம்மா. அது கஷ்டப்பட்டு வாங்கின மார்க்."

குழுவின் முன் குனிந்து வணங்கி நோட்டை வைத்தார். தலைவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். எல்லாம் முடிந்தது என்று இசொகாய் பையை எடுத்துக்கொண்டார்.

பொதுமக்கள் சார்பில் குழுவில் இருந்த தோஃபுக் கடைக்கார அம்மாள் ஹொகாரி, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அனுமதி குடுத்துடுங்க. மனுஷ செல்லு உள்ள போனா, எலிக்கு இருக்கிற புத்தியும் குறையத்தானே செய்யும்?"