நீர் மாத்திரையும் மச்சினன் ரத்தமும்

பேருந்து ஓட்டுநருக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. கொழுப்பு ஏறியிருந்தது.

"ஒண்ணு இறங்கினா ஒண்ணு ஏறுது. என் உடம்பு என்ன பஸ்ஸா?" என்று, வெளியே எடுத்துப் பார்த்த பரிசோதனைத் தாளை மேசையில் அடித்தார்.

"அழுத்தத்துக்குக் குடுத்த நீர் மாத்திரை அப்படிப் பண்ணுமாம்ங்க. போட்டிருக்கு." மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைக்கும் எறும்பு எழுத்துத் தாளை முழுக்கப் படித்த ஒரே ஜீவன் அவர் மனைவிதான். "டாக்டரக் கேட்டுட்டு வாங்களேன்."

கேட்கலாம். ஆனால் மாத்திரை எழுதிக் கொடுத்ததே டிப்போ டாக்டர்தான்; கொழுப்பு விஷயம் அவர் காதில் விழுந்தால் ஸ்டியரிங் போய்விடும். இன்னும் இரண்டு வாரத்தில் வருடாந்திரப் பரிசோதனை. தேறாதவர்களை நேரக்காப்பாளர் அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர், அடுத்தவன் ஓட்டுகிற வண்டிக்கு மணி பார்த்துக் குறிப்பதா?

மாத்திரையை நிறுத்தினார். ஐந்தாம் நாள் தலை விண் விண்ணென்று தெறித்தது. சாலையில் சிவப்பு விளக்கோடு சண்டை பிடித்தார். பயந்துபோய், விட்ட நாட்களுக்கும் சேர்த்து இரண்டிரண்டாக விழுங்கினார். நிறுத்தத்துக்கு நிறுத்தம் வண்டியைப் போட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினார். பயணிகள் புகார் எழுதினார்கள்.

அப்போதுதான் மச்சினன் ஞாபகத்துக்கு வந்தான். ஒட்டடைக் குச்சிக்குச் சட்டை போட்ட மாதிரி இருப்பான்.

"மாப்ள, டிப்போ பரிசோதனைக்கு என் பேர்ல போய் ரத்தம் குடுத்துட்டு வா. உன்கிட்ட எங்க இருக்கு கொழுப்பு?"

"மாமா, நான் வந்து..."

"உங்க அக்காவ இத்தனை வருஷமா வெச்சுக் காப்பாத்தறேன். ஒரு குப்பி ரத்தம் தர மாட்டியா?"

போனான். அரை மணி நேரத்தில் வெளிறிப்போய் வந்தான். "முடிஞ்சுது மாமா."

மூன்றாம் நாள் டிப்போ டாக்டரே ஆள் அனுப்பினார்.

"கெட்ட கொழுப்பு இருநூத்தி நாப்பது! நீ எப்படிய்யா நடந்து வந்த? இனிமே ஸ்டியரிங்கத் தொடாத."

ஓட்டுநர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர், அது என் ரத்தமே இல்ல." எல்லாவற்றையும் கக்கினார்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த மாத்திரை சிலருக்குக் கொழுப்பக் கொஞ்சம் ஏத்தும்யா. சொல்லியிருந்தா வேற எழுதியிருப்பேன். அதுக்கெல்லாம் யாரு வேலைய எடுக்கறா? நீயா நிறுத்தறது, நீயா ரெண்டு போடறது... அது கிடக்கட்டும், உன் மச்சினன் எங்க? முதல்ல அவனக் காப்பாத்தணும்."

மச்சினனை அவன் அக்காவே அழுதுகொண்டு இழுத்து வந்தாள். "பாவி, இந்த உடம்புக்குள்ள அவ்வளவையும் எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த?"

"மறுபடி ரத்தம் எடுக்கணும்," என்று டாக்டர் மணியடித்தார். ஊசியோடு ஆய்வகக்காரர் வந்து நின்றார். மச்சினனுக்கு வியர்த்துக் கொட்டியது. கண் செருகியது. அப்படியே சரிந்தான்.

"ஐயோ, ஹார்ட்டேதான்!" டாக்டர் பாய்ந்தார்.

ஆய்வகக்காரர் அசையவில்லை. அவர் முகம்தான் இருண்டிருந்தது.

"அவருக்கு ஒண்ணுமில்ல டாக்டர், ஊசியப் பாத்தா சாஞ்சுடுவாரு. அன்னைக்கும் இப்படித்தான் சாஞ்சாரு, பாவமேன்னு என் கையிலேர்ந்து எடுத்து ஊத்திட்டேன்... எனக்கு என்ன மாத்திரைன்னு சொல்லுங்க."