காலை 11:42க்குப் பிறந்த டிரில் மெஷின்

மலேசியாவின் கோலா சிலாங்கூரில் அந்த வாரம் மின்மினிப் பூச்சி பார்க்க வந்த கூட்டத்தைவிட இயந்திர சித்தரைப் பார்க்க வந்த கூட்டம்தான் அதிகம். மின்மினி பார்க்கப் படகுக் கட்டணம் மட்டும்தான். சித்தருக்கு அதோடு தீராது.

மூடிக் கிடந்த நாற்காலிக் கடையில் இறங்கியிருந்தார் சித்தர் லிங்கேஸ்வரன். மனிதருக்கு ஜாதகம் பார்க்கத்தான் ஊரெல்லாம் ஆள் இருக்கிறதே. இவர் மெஷினுக்குப் பார்ப்பார். பிறந்த நேரம்? ரசீதில் அச்சாகியிருக்கிறதே. வரிசையில் நின்ற எல்லார் கையிலும் ரசீது. புல்வெட்டும் மெஷின் கன்னி ராசி. மாவரைக்கும் மெஷினுக்கு அஷ்டமத்துச் சனி. என் டிரில் மெஷின் காலை 11:42க்குப் பிறந்திருந்தது. நான் வாங்கிய கடையின் கல்லாவில் இருந்த பெண் தட்டிய தட்டுதான் லக்னம்.

சிரிக்காதீர்கள். என் கஷ்டம் எனக்கு.

புக்கிட் பெலிம்பிங்கில், வீட்டு வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் எனக்கு ஒரு பட்டறை உண்டு. பட்டறை என்பது என் சொல். என் மனைவி விமலாவின் சொல் வேறு. அங்கே நான் போட்ட துளை எதுவும் நேராக இறங்கியதில்லை. அந்த லட்சணத்தில் பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் அக்காவுக்கு, கைப்பிடியை இறக்கினால் மாவு பிழியும் இடியாப்ப உரல் ஒன்றைச் செய்து கொடுத்தேன். இரு பக்கத் துளைகளும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. கைப்பிடி இறுகிக்கொண்டது. தினமும் அதோடு மல்லுக்கட்டி அக்காவின் வலது தோள் வீங்கிவிட்டது. வருகிற ஞாயிறு ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் இடியாப்பம் ஒப்புக்கொண்டிருந்தார்.

“தம்பி ஆசையா செஞ்சு குடுத்தது, குறை சொல்ல மனசு வரல” என்றார், தைலம் தேய்த்தபடி. அதற்கு அவர் என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

நல்ல மெஷின் வாங்கி, ஞாயிறுக்குள் புது உரல். அதுதான் திட்டம். பாதிப் பணம் என்னுடையது. மீதி, அக்காவுக்கு விழுந்த கூட்டுச் சீட்டுப் பணம். தோஷமில்லாத மெஷினை அவரே விற்கிறார் என்று கேள்விப்பட்டு, இருவருமாகச் சித்தரிடம் போனோம்.

சித்தர் என் ரசீதை நெற்றியில் வைத்துக் கண்ணை மூடினார். “ராகு உச்சியில உக்காந்திருக்கான். இத வச்சிக்கிட்டு நீ ஊசி ஓட்டைகூடப் போட முடியாது.”

உண்மைதானே. எனக்குப் புல்லரித்தது.

மேடையில் விற்பனைக்கு, அடியில் சிறு இரும்பு மேசையோடு நிற்கும் இரண்டு டிரில் மெஷின்கள். தூசி படிந்த பழைய பச்சை ஒன்று. மாலை போட்ட புதுச் சிவப்பு ஒன்று. சீடர் சன்னாசி பச்சையை ஓடவிட்டார். துளையிடும் பிட் சாமி வந்ததுபோல ஆடியது. பிறகு சிவப்பில் ஒரு செப்புத் தகட்டைக் கட்டி, விபூதி தூவி ஓடவிட்டார். பிட் அசையாமல் நின்று சுற்றியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. விலை, பச்சையைப்போல் மூன்று மடங்கு. நான் பைக்குள் கையை விட்டேன்.

“மாமா, கொஞ்சம் இருங்க.”

அக்காவின் மகள் அன்பரசி. செம்பனை ஆலையில் ஃபிட்டர். வேலை முடிந்து, எண்ணெய்க் கறைச் சீருடையோடு அம்மாவை அழைத்துப்போக வந்திருந்தாள்.

“சாமி, அந்தப் பச்ச மெஷின்ல இருக்கிற பிட்டக் கழட்டிக்கிறேன்.”

“தோஷம் பிடிச்சதத் தொடக்கூடாதும்மா.”

“பரவால்ல லா சாமி. நான் தினம் எண்ணெய்ல குளிக்கிறவ. ஒட்டாது.”

கழற்றிய பிட்டைச் சித்தரின் கண்ணாடி மேசைமேல் உருட்டிவிட்டாள். நேரான பிட் என்றால் வழுக்கிக்கொண்டு ஓடும். இது, கள்ளுக்கடையிலிருந்து திரும்பும் என் மாமனார்போல நொண்டி நொண்டிப் போய் நின்றது.

“ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல. யாரோ பிட்ட வளச்சு வச்சிருக்காங்க.”

சன்னாசி கூரையைப் பார்த்தார். அன்பரசி சிவப்பிலிருந்த பிட்டைக் கழற்றிப் பச்சையில் மாட்டினாள். தகடு இல்லை, விபூதி இல்லை. அசையாமல் சுற்றியது.

“அது என் பார்வை பட்டதால” என்றார் சித்தர்.

“அப்பக் கண்ண மூடிக்கிங்க.”

“மூடுங்க சாமி” என்றது கூட்டம். மூடினார். மெஷினுக்கு அது தெரியவில்லை, நேராகவே சுற்றியது.

பிறகு அவள் ஒரு தடித்த கம்பியை வளைத்து, பிட் இருந்த இடத்தில் மாட்டினாள். கம்பியின் நுனி மெஷின் மேசையை லேசாகத் தொட, கையால் மெல்லச் சுற்றினாள். பச்சையில் நுனி நாலு பக்கமும் ஒரே மாதிரி உரசியது. சிவப்பில் முன்பக்கம் கீறியது, பின்பக்கம் தூக்கிக்கொண்டது. அந்த இடைவெளியில் சித்தரின் விசிட்டிங் கார்டு மூன்றை அடுக்கிச் செருகினாள். தாராளமாக நுழைந்தன.

“மேசை பின்னால சரிஞ்சிருக்கு. பக்கவாட்டுல சாஞ்சா திருகித் திருத்தலாம். இத ஒண்ணும் பண்ண முடியாது. இதுல ஓட்ட போட்டீங்கன்னா அம்மாவோட இன்னொரு தோளும் போயிடும் மாமா.”

நான் பையிலிருந்து கையை எடுத்தேன். சித்தர் கண்ணைத் திறந்தபோது எதிரே புது வரிசை நின்றது. இப்போதும் எல்லார் கையிலும் ரசீது. இது மெஷின் விற்றபோது அவர் கொடுத்த ரசீது.

“பச்ச மெஷின் தோஷமுள்ளதுன்னு நீங்கதானே சாமி சொன்னீங்க” என்றாள் அன்பரசி. “வெல குறைச்சுத்தானே குடுக்கணும்?”

குறைத்தார்.

ஞாயிறு விடியலில் புது உரலின் கைப்பிடியைச் சின்னத்தாய் அக்கா இடது கையால் இறக்கினார். மாவு மழைக்கோடுபோல நேராக விழுந்தது. “அட” என்றார், அவ்வளவுதான். ஆயிரமும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எனக்கு நாற்பது தனியாக வந்தன.

மறுநாள் பட்டறைக்கு வந்த அன்பரசி, ஆணியில் தொங்கிய அந்தக் கம்பியைப் பார்த்து நின்றுவிட்டாள். கம்பிக்கு யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். பிறகு என் விரல் நுனியைப் பார்த்தாள். நான் விரலைப் பின்னால் மறைத்தேன். என்ன செய்வது, அந்தக் கம்பிமேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

“மாமா, பொட்டு வைக்க மட்டும் இல்ல இந்த நெத்தி. அதுக்குப் பின்னால ஒண்ணு இருக்கு. அதையும் அப்பப்ப ஓடவிடுங்க. இல்லன்னா துருப்பிடிச்சிடும்.”