இரண்டு ஜாடிகளும் ஒரு சகலையும்

2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 10.10. பனி விலகி வெயில் ஏறியிருந்தது, காற்று இல்லை. நெய்வேலியில் எங்கள் பிளாக் பூங்காவில், 46 பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு முன்னால், அறுபத்தெட்டு வருடம் சேர்த்த மரியாதையை ஒரு துண்டை விலக்கித் தீர்த்துக்கொண்டேன்.

காரணம் பொறாமை. மறைப்பதற்கில்லை. (மறைத்தாலும் என் மனைவி செண்பகம் சொல்லிவிடுவாள்.)

செண்பகத்தின் அக்காள் கணவர் வேலாயுதம், என் சகலை, கொல்லிமலையில் முப்பத்து மூன்று வருடம் வனக்காவலராக இருந்தவர். நான் சுரங்கத்துப் பரிசோதனைக்கூடத்தில் அதே முப்பத்து மூன்று வருடம் நிலக்கரியை எரித்துச் சாம்பலை எடை போட்டவன். இருவரும் ஓய்வு பெற்றோம். அவர் மட்டும் கூடவே புகழும் பெற்றார். பொங்கலுக்கு வந்தவரைப் பிளாக் சங்கத்தார் பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை மலைக்காட்டைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க" என்றார்கள். முதலில் என் பெயரிலும் இப்போது மகள் பெயரிலுமாக இங்கே குவார்ட்டர்ஸில் இருபத்தேழு வருடம் இருக்கிற என்னை ஒருவரும் அரை வார்த்தை கேட்டதில்லை.

சனிக்கிழமை மாலை செண்பகம் பக்கோடா போட்டாள். அவர் தட்டில் முந்திரி ஒன்பது. என் தட்டில் நான்கு. (எண்ணினேன்.)

"காத்துல இருக்கற கார்பனைக் காடு இலை வழியா வாங்கி, மரத்துல, வேர்ல, மண்ணுல வெச்சுக்கும்" என்றார் சகலை, ஒன்பதையும் மென்றபடி. "மலைமேல குளிரு. உதிர்ந்த இலை சீக்கிரம் மக்காது. அதான் மண்ணு அப்படிக் கறுப்பா இருக்கு."

செண்பகம் என்னைப் பார்த்தாள். "நீங்க தோண்டித் தோண்டி எரிச்சீங்க. மாமாவோட காடு அதை முழுங்கிகினே இருந்திருக்குது."

அந்த நிமிடமே முடிவு செய்தேன். காடு வாங்குகிறது, சரி. விடுவதில்லையா? மட்கும் இலையும் மண்ணும் கரியமில வாயுவை வெளியே விடும். அதை மட்டும் ஏன் சொல்லவில்லை? சபையில் நான் காட்டுகிறேன்.

செண்பகத்தின் மல்லிகைத் தொட்டிக்கென்று சகலை ஒரு பை மலை இலைமட்கு கொண்டுவந்திருந்தார். அதில் நான்கு பிடியை ஈரத்தோடு ஓர் ஊறுகாய் ஜாடியில் போட்டேன். இன்னொரு ஜாடியில், நினைவுப் பொருளாக அலமாரியில் இருந்த ஒரு கட்டி நிலக்கரி. இரண்டிலும் ஒரு சின்னக் கிண்ணம் சுண்ணாம்புத் தெளிநீர் வைத்து மூடினேன். கரியமில வாயு பட்டால் அது வெளுக்கும். காட்டு ஜாடி வெளுக்கும். நிலக்கரி ஜாடி பளிங்காக இருக்கும். எரிக்காதவரை நிலக்கரி சாது, களவாணி காடுதான் என்று ஊர் அறியும். (இப்படியும் ஒரு கிழவன் யோசித்தான்.)

ஞாயிறு காலை 6.10க்கு வைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து, முகத்தை ஜாடிவாயில் வைத்துப் பார்த்தேன். கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருந்த சமயம்; உலகமே எனக்குக் கொஞ்சம் வெளுப்பு. கிண்ணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. சமையலறையில் சகலை ஏதோ சொல்ல, செண்பகம் சிரித்தாள். மூன்று முறை. பிறகு பூங்காவின் கடைசி வரிசையிலும் ஜாடிகளை மடியில் வைத்துத் திறந்து திறந்து பார்த்தேன். பேசி முடிப்பதற்குள் சகலைக்கு நான்கு கைதட்டல். நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கு ஒன்று.

10.10க்கு எழுந்து முன்னால் போனேன். காடு விடுவதையும் பாருங்கள் என்று ஜாடிகளை மூடியிருந்த துண்டை விலக்கினேன்.

சங்கச் செயலாளர் குனிந்து பார்த்தார். "ரெண்டுமே வெள்ளையாத்தான் இருக்கு சார். மண்ணு ஜாடி பரவால்ல. கரி ஜாடிதான் மோர் மாதிரி இருக்கு."

சகலை மெதுவாக வந்தார். "எத்தனை தடவை திறந்தீங்க சகலை?"

"இருபத்து நாலு."

"எதை ரொம்ப நேரம் பாத்தீங்க?"

முதல் வரிசையிலிருந்து செண்பகம் சொன்னாள். "கரி ஜாடியத்தான் மாமா. வெளுத்துடப் போவுதுன்னு தலையை உள்ள வுட்டுகினு பெருமூச்சு வுட்டுகினு இருந்தாரு. அதுல இருக்கறது பூரா இவரு மூச்சுதான்."

சிரித்தவர்கள் 45 (என் நாற்காலி காலி). நின்றுகொண்டிருந்தவர்களைச் சேர்த்தால் 48.

சகலை சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாதது. "சகலை சொன்னது நெசம்ங்க" என்றார் கூட்டத்திடம். "காடு விடவும் செய்யும். நான்தான் சொல்ல மறந்துட்டேன். விடறதைவிட வாங்கறது கூட இருக்கற வரைக்கும் நமக்கு லாபம். தீப்பிடிச்சா எத்தனையோ வருஷமா சேத்தது ஒரு நாள்ல போயிடும்."

ஐந்தாவது கைதட்டல். அதுவும் அவருக்கே.

அன்று மாலையே செண்பகம் ஒரு பிஸ்கட் டின் மூடியில் ஓட்டை போட்டாள். நான் பெருமூச்சு விட்டால் ஒரு ரூபாய். மகள் வேலையிலிருந்து போன் செய்தால்கூட, "கேட்டுடுச்சுப்பா, ஒண்ணு போடுங்க" என்கிறாள். பொங்கலுக்குப் பொங்கல் சகலை டின்னைக் காலி செய்து எடுத்துப்போய் மலையில் கன்று நடுகிறார். ஒவ்வொரு கன்றையும் படமெடுத்து எனக்கு அனுப்புகிறார். எல்லாம் செழிப்பாக வளர்கின்றன. ஒவ்வொரு படத்துக்கும் எனக்கு ஒரு ரூபாய் செலவு.

நேற்றுவரை 1,873 ரூபாய். இதை எழுதி முடித்ததும் 1,874.