மிசின் பிழைத்த கதை

எனக்குப் பொய் சொல்ல வராது. அதை அறுபத்திரண்டாவது வயதில் ஒரு சமையலறை மிசின்தான் ஊருக்கு நிரூபித்தது.

மகளின் பிரசவத்துக்காக என் மனைவி ராணி ஆறு மாதம் லண்டனுக்குப் போனாள். கொக்குவில் வீட்டில் நான் தனியே. எனக்குச் சமைக்கத் தெரியும். ஒருவருக்கு மட்டும் சமைக்கத்தான் தெரியாது. மிஞ்சுவதைப் பையில் போட்டு, காற்றை உறிஞ்சி, வாயை ஒட்டிவிடும் மிசின் ஒன்றை மகள் அனுப்பிவைத்தாள்.

முதல் நாளே நண்டுக்கறியைச் சூட்டோடு பையில் ஊற்றி மூடியை அழுத்தினேன். மிசின் காற்றை விட்டுவிட்டுக் குழம்பைக் குடித்தது. மேசை, போட்டிருந்த சேட்டு, கைபேசி எல்லாம் நண்டு மணம். வீடியோவில் ராணியைக் கூப்பிட்டேன்.

"என்னப்பா, குழம்பை ஆறவிட்டு, பிறீசரிலை இறுகினாப் பிறகெல்லோ பைக்குள்ளை போடவேணும்! பையின்ரை வாயைத் துடைச்சனீங்களோ?"

"இல்லை."

"மிசினின்ரை ரப்பரையும் துடையுங்கோ."

அரை மணித்தியாலம் கதைத்தோம். அவள் சிரித்துச் சிரித்துக் களைத்தாள். அன்று முழுக்க வீட்டில் ஆள் இருப்பது போலிருந்தது.

துடைத்தேன். அடுத்த நாள் பை கல்லுப் போல ஒட்டிவிட்டது. எனக்குப் பெரிய ஏமாற்றம். சும்மா போன் எடுத்தால், "சாப்பிட்டீங்களோ? பிள்ளை அழுகுது, வைக்கிறன்" என்பதோடு கதை முடிந்துவிடும். ஆகவே, "மிசின் திரும்பவும் பிழைச்சுப்போச்சு, ஒட்டுதில்லை" என்றேன்.

இரண்டு கிழமை மிசினுக்கு நாளுக்கொரு வருத்தம் கண்டுபிடித்தேன். ஒருநாள் சிவப்பு லைற் எரிகிறது என்றேன். (மிசினில் இருந்தது பச்சை லைற் ஒன்றுதான்.) தோளில் குழந்தையோடு அவள் பொறுமையாக வைத்தியம் சொன்னாள்.

ஒரு ஞாயிறு காலை, கரவெட்டியிலிருந்து அவளுடைய தம்பி சிவநேசன் மிசின் திருத்தும் ஆயுதப் பெட்டியோடு வந்து இறங்கினான்.

"அத்தான், அக்கா அனுப்பினவ. மிசினைக் காட்டுங்கோ."

கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தான். திரையில் ராணி, மகள், மருமகன். சிவநேசன் என் காலைச் சாப்பாட்டில் மிஞ்சிய ஒரு பாண் துண்டைப் பையில் போட்டு அழுத்தினான். ஒட்டியது. மூன்று தரம் செய்தான், மூன்று தரமும் ஒட்டியது. பிறகு பிறீசரைத் திறந்தான். உள்ளே இருபது பைகள், 'கத்தரிக்காய், செவ்வாய்' என்று என் கையெழுத்தோடு, அழகாக அடுக்கியபடி.

மருமகன் மரியாதையாகத் திரையை விட்டு விலகினார்.

"அக்கா, உது வடிவா வேலை செய்யுது," என்றான் சிவநேசன். "பிழை அத்தானிலைதான்."

ராணி திரைக்குக் கிட்ட வந்தாள். "தனிய இருக்கேலாமல் கிடக்கெண்டு சொல்லியிருக்கலாமே?"

"உனக்கு அங்கை எவ்வளவு வேலை..." பிறீசர் கதவைச் சாத்தினேன். சிவநேசன் பெட்டியிலிருந்து எடுத்த திருப்புளியை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று அவன் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நின்றான்.

ராணி திரும்பி வந்து, சிவப்பு லைற் உட்பட எல்லாவற்றையும் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். நான் பேசாமல் ஒரு மூலையில் இருந்தாலே, "மிசின் பிழைச்சுப்போச்சோ?" என்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன கிழமை மகள் வழமையில்லாத நேரத்தில் போன் எடுத்தாள். என்ன விசயம் என்று கேட்டேன்.

"அப்பா, இஞ்சை மிசின் பிழைச்சுப்போச்சு."

"பொறு பிள்ளை," என்றேன். "ஆறுதலா இருந்து கதைக்கக் கதிரையை எடுத்துக்கொண்டு வாறன்."